மரத்துக்குக் கழற்றாத தொப்பி

புதுக்கோட்டை, கீழ ராஜ வீதி
9-8-1937

அருமை மகன் பக்கீர் முகமதுக்கு உன் அத்தா மீரா சாகிபு எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகம் எப்படி என்று உன் கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், அதில் கிராம்பு மரத்தின் சுகம்தான் எழுதியிருக்கிறது. அந்தக் கடிதம் வந்து சேர்ந்ததே பெரும்பாடு. தபால்காரர் இன்னாசி உறைக்குப் பின்னால் நீ போட்டிருந்த ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, இப்படி ஒரு ஊர் இருக்கா பாய், இல்லை உங்க மகன் கடலுக்குள்ளேயே குடியிருக்காரா என்று கேட்கிறார். தபாலாபீஸ் புத்தகத்தில் பினாங்கு இருக்கிறதாம், சிங்கப்பூர் இருக்கிறதாம், அம்போன்கூட இருக்கிறதாம், அம்போனிலிருந்து படகேறிப் போகும் உன் ஊர் மட்டும் இல்லையாம். ஆகையால் இதை அம்போன் கடைக்காரர் பெயருக்கே போடுகிறேன், படகுக்காரன் கையில் கொடுத்து விடுவார்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், நாலிலும் அந்த ஊர்க்காரர்கள் மேல் குற்றப்பத்திரிகை. கிராம்பு மொட்டு வைத்துவிட்டால் மரம் கர்ப்பமாக இருக்கிறது என்பார்களாம், தோப்புக்குள் சத்தம் போடக்கூடாதாம், விளக்கு கொண்டு போகக்கூடாதாம், தலையில் இருப்பதைக் கழற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் நடக்க வேண்டுமாம், மிரண்டு போனால் மரம் மொட்டை உதிர்த்துவிடுமாம். நீ என்ன செய்தாய் என்பதையும் நீயே வீரமாக எழுதியிருக்கிறாய். மசங்குகிற நேரத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு, துருக்கித் தொப்பியோடு, கூட்டாளியை ஊருக்கே கேட்கிறாற்போல் கூப்பிட்டுக்கொண்டு தோப்புக்குள் போயிருக்கிறாய். ஊர்ப்பெரியவர் வந்து தன் தலைத்துண்டை அவிழ்த்துக் காட்டி, தம்பி இப்படிச் செய் என்று ஜாடையில் சொல்லியிருக்கிறார். நீ மரத்துக்கெல்லாம் தொப்பி கழற்றமாட்டேன் என்று சிரித்திருக்கிறாய். இப்போது அவர் தோப்புக்குள் கால் வைக்காதே, சரக்கு சீனாக்காரனுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அதற்கு நான் பினாங்கு மண்டிக்காரரைப் பிடித்து டச்சு அதிகாரிக்கு மனு எழுத வைக்க வேண்டுமாம், அந்த ஊரை வழிக்குக் கொண்டுவரும்வரை நீ இன்னும் ஒரு வருஷம் அங்கேயே உட்காரப் போகிறாயாம். நல்லா இருக்கிறது அப்பா உன் வியாபாரம்!

உன்னைச் சொல்லியும் குற்றமில்லை, இங்கிட்டு நாம் பெரியவர்கள் முன்னால் தலையை மூடுவது மரியாதை, மூடாமல் வந்தால் நானே உன்னை வைதிருக்கிறேன். அங்கே திறப்பது மரியாதை என்றால் திறந்துவிட்டுப் போக வேண்டியதுதானே. மரத்தைக் கும்பிடச் சொன்னார்களா? அவர்களும் நம்மைப் போல் ஐந்து வேளை தொழுகிறவர்கள் என்று இரண்டாம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய். தொப்பியைச் சட்டைப்பையில் வைத்தால் மார்க்கம் போய்விடாது, நம் பள்ளிவாசல் ஹஜரத்திடமும் கேட்டுவிட்டேன், அவர் சிரித்துவிட்டு, சத்தம் போடாதே என்று சொன்னதையாவது உங்க மகன் கேட்டிருக்கலாம் என்றார். நான் மிளகும் கொத்தமல்லியும் மூட்டை கட்டித் தலையில் சுமந்து விராலிமலைச் சந்தைக்குப் போன காலத்தில், மலையிலிருந்து மயில் இறங்கி வந்து என் கொத்தமல்லிச் சாக்கைக் கொத்திக் கொத்தித் தின்னும். நான் கல்லெடுத்ததில்லை, கைதட்டி விரட்டினதுகூட இல்லை, சாக்கை இழுத்து மூடிக்கொண்டு பேசாமல் இருப்பேன். அது அவர்கள் சாமியின் மயில். ஒரு கல்லை விட்டிருந்தேன் என்றால் அந்தச் சுற்றுவட்டத்தில் ஒருத்தி என்னிடம் ஒரு பிடி சீரகம் வாங்கியிருக்கமாட்டாள், இன்றைக்கு இந்தக் கடையும் இல்லை, நீ கப்பலேறி மரத்தோடு சண்டை போடவும் வழியில்லை.

சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கிராம்பின் தலையை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும், அப்படிக் கசிகிற கிராம்பு நீ அனுப்பிய மாதிரிப் பொட்டலத்தில் இருக்கிறது, பிரித்ததும் கடை முழுக்க மணந்தது. மொட்டு விரிவதற்குள் பார்த்துப் பார்த்துக் கையால் கிள்ளி, நல்ல வெயிலில் காயவைக்கிறவன்தான் இப்படிச் சரக்குக் கொடுப்பான். மரத்தைப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி பார்க்கிறவனுடைய சரக்கு இது. இதை வாங்கத்தான் உன்னை அனுப்பினேன், இதை விளைவிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்க அனுப்பவில்லை. மனுவும் கிடையாது ஒன்றும் கிடையாது, அதிகாரியைக் காட்டி மிரட்டி வாங்கின சரக்கு ஒரு தடவைதான் வரும்.

இன்னும் கோபம் தீரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். உன் பெண்சாதி ஜெய்னப் உண்டாகியிருக்கிறாள் என்று நான் உனக்கு எழுதி, அந்தக் கடிதம் கிடைத்தது என்று நீயும் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் அவளைப் பற்றி ஒரு வரி உண்டா? இப்போது அவளுக்கு ஆறாம் மாசம். இங்கே இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேள். வீட்டு முன்பக்கக் கடையில் மஞ்சள் டப்பா வைக்கிற பலகை ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது, ஓர் ஆணி அடித்தால் முடிந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிப்பாங்களா என்று உன் உம்மா சுத்தியலைப் பிடுங்கி ஒளித்துவிட்டாள். நான் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்துச் சிரிக்கிறான். அம்மி கொத்துகிற பிச்சைமுத்து வாசலில் வந்து குரல் கொடுத்தான், உளிச் சத்தத்தில் பிள்ளை மிரண்டு போகும், இன்னும் நாலு மாசம் கழிச்சு வா என்று அவனையும் விரட்டிவிட்டாள். அம்மி வழுவழுத்துப் போய் மிளகாய் அரைபடவில்லை, குழம்பில் தோலும் விதையும் மிதக்கிறது, தின்றுகொண்டிருக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஆணி அடிக்கவில்லை. உன் கடிதத்தை நான் வாய்விட்டு வாசித்தபோது உன் உம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்த ஊர்க்காரங்க நம்ம ஆளுங்கதான்ங்க என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஜெய்னப் கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டாள். வாசித்து முடித்த பிறகு கேட்டாள், மாமா, என்னைப் பத்தி எழுதின தாள் தனியா இருக்கா என்று. நான் இல்லை என்றேன். அதற்குச் சொன்னாள், நான் அந்த ஊர்ல கிராம்பு மரமாப் பொறந்திருந்தா போற வாறவங்கெல்லாம் தொப்பியைக் கழட்டிட்டு மெதுவாப் பேசிட்டுப் போயிருப்பாங்கள்ல மாமா என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் கடைக்கு ஆள் வந்த மாதிரி எழுந்து வந்துவிட்டேன். சந்தையில் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன் நான்.

ஆகையால் சொல்வதைக் கேள். நீ இங்கிருந்து கிளம்பும்போது உன் உம்மா பெட்டிக்கு அடியில் கண்ணாடி வளையல் கட்டு ஒன்று வைத்தாள், போகிற இடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று. அதை எடுத்துக்கொள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பகலில், ஊர்ப்பெரியவர் வீட்டுக்குப் போ. வளையலை அவர் வீட்டம்மாளிடம் கொடு. என் பெண்சாதியும் வயிற்றுப்பிள்ளைக்காரி, எங்கள் வீட்டில் ஆணிகூட அடிப்பதில்லை, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல். பாஷை வராவிட்டால் ஜாடையில் சொல், அவர் உனக்கு ஜாடையில்தானே சொன்னார். சரக்குக் கொடுத்தால் உன் கூட்டாளி இருந்து வாங்கி அனுப்பட்டும், கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம். நீ அதற்குக் காத்திருக்காதே. இது உன் கையில் சேரும்போது அவளுக்கு ஏழு தாண்டியிருக்கும், வருகிற முதல் படகில் அம்போன் வந்து கப்பல் பிடித்தால்தான் பிள்ளை பிறக்கிறபோது இங்கே இருப்பாய். தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீட்டார் கோட்டைப்பட்டினத்துக்குக் கூட்டிப் போவார்கள், நீ நேரே அங்கேயே வந்துவிடு. தலை காட்டாமல் சாக்குச் சொல்லி எழுதினாயானால், அந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்ட என்னால் ஆகாது, நீ வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

கடல் காற்றில் நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு படுக்காதே. கப்பலில் குடிதண்ணீரைப் பார்த்துக் குடி. வருகிற வழியில் ஜெய்னபுக்குத் தனியாக ஒரு தாள் எழுதிப் போடு, அதில் கிராம்பு என்ற சொல்லே வரக்கூடாது. உன் உம்மா உனக்கு துஆவும் ஸலாமும் சொல்லச் சொன்னாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும், கடலையும் காற்றையும் உனக்கு இணக்கமாக்கி வைக்கட்டும். சுத்தியல் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் தொடவில்லை. பிள்ளை பிறந்து தாயும் பிள்ளையும் வீடு வந்த பிறகு அந்தப் பலகையை நீதான் அடிக்க வேண்டும், அதுவரை கயிறு தாங்கும்.

வஸ்ஸலாம்.
உன் அத்தா,
மீரா சாகிபு