மண்ணிற முக்காடு

சவாய், என் கண்ணே,

நீ போனை எடுக்காததால் இதைப் பால்வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். சோலார் தகடு பதிக்க நாளை, சாமிக்கென்று விட்ட நம் ஓரண் புல்வெளியைச் சமன்படுத்தும் புல்டோசரை நீதான் ஓட்டுகிறாயாம். அங்கே கானமயில் வெறுந்தரையில் ஒற்றை முட்டை இட்டிருக்கிறது. அதற்குக் காவலாக உன் அப்பா பக்கத்தில் படுத்திருக்கிறார்.

"வீட்டுக்கு வாங்க" என்று கெஞ்சினேன்.

"டீச்சரம்மா, நீ வகுப்பு முழுக்கப் பிள்ளைங்கள மேய்ச்சே. எனக்கு இந்த ஒண்ணு போதும், போடி" என்று சிரிக்கிறார்.

பறவை மிரளாதிருக்க மண்ணிறப் போர்வைக்குள் கிடக்கிறார். கரும்பலகையில் கரியால் எழுதியதுபோல, பக்கத்தில் போனாலும் தெரியவில்லை. நீயோ உயரத்தில் உட்கார்ந்திருப்பாய்.

நானும் அவரோடு இருக்கப் போகிறேன். சிவப்பு முக்காட்டைக் களைந்து, நம் ஊரில் விதவைகள் போடும் மண்ணிற முக்காட்டை, அவர் இருக்கும்போதே போட்டுக்கொண்டேன். வண்டியை எடுக்குமுன் இறங்கி நடந்து பார், கண்ணே.

உன் அம்மா