மணி அடிக்காமல் கூப்பிடு

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதே, கெட்ட செய்தி ஒன்றுமில்லை. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் இருமினால்கூட அதற்கும் அவர்தான் விளக்கம் சொல்கிறார். அவரைப் பற்றி அவர் காதுபடாமல் பேச எனக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. இப்போது நடக்கப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

குளியலறைக் குழாய் ஒழுகியது, பிளம்பர் எதற்கு என்று அப்பாவே சரிசெய்தார், இப்போது முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒழுகுகிறது. வேலையில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ மாடி லிஃப்டைப் பழுது பார்த்து ஓடவைத்த கைக்கு ஒரு குழாய் அடங்கவில்லை பார். உன் பெரியப்பா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம். நான் வழக்கம்போல் காலையில் சீருடை தைக்கும் கடைக்குப் போய் மதியம் வந்துவிடுகிறேன், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், பொத்தான் தைத்துத் தைத்து விரல் நுனி மரத்துக் கிடக்கிறது. உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன் என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மையில் அங்கே துணி காயப்போடுகிறோம். ஈரத் துணியோடு உள்ளே போகும்போதெல்லாம் உன்னைக் கூப்பிட வாய் திறந்துவிடுகிறது, பிறகு மூடிக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் உன் போனில் மணி அடிக்கும் என்று சொல்லி அப்பா கையில் ஒரு வில்லை ஒட்டிவிட்டுப் போனாயே, அதை நாள் தவறாமல் பார்த்து, காலாவதியானதும் நான்தான் மாற்றி ஒட்டுகிறேன். ஆரம்பத்தில் கொஞ்சம் ஏறினாலும் நீ பதறிப்போய்க் கூப்பிடுவாய், என்ன சாப்பிட்டீங்க என்று அதட்டுவாய், அவரும் திருதிருவென்று முழித்துக்கொண்டு ஒன்றும் சாப்பிடவில்லை என்பார், அப்படியே அரை மணி நேரம் பேச்சு போகும். பிறகு உனக்கு வேலை தலைக்குமேல் ஏறிவிட்டது. தண்ணி குடிங்க, கொஞ்சம் நடங்க என்று போனில் எழுத்தாக இரண்டு வரி வந்தது, பேச்சு நின்றது. உன்மேல் குறை சொல்லவில்லை கண்ணு, நீ என்ன சும்மாவா உட்கார்ந்திருக்கிறாய்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காய் வாங்கிக்கொண்டு வந்தால் அப்பா கட்டிலில் வேர்த்து விறுவிறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். கை நடுங்குகிறது, என்னைப் பார்த்து என் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். காய்ப் பையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் சர்க்கரைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நடக்கிற வகுப்புக்கு நானும் கூடவே போவதால், விழுங்க முடிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பார்த்து, எண் மேலே வந்தபிறகு ரொட்டியும் கொடுத்தேன். அன்று நீ பயணத்தில் இருந்தாய், போன் அணைந்திருந்தது. அவருக்கு முகத்தில் களை திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, அவ கூப்பிட்டாளா என்பதுதான். உன்னிடம் அவர் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட மறந்துவிட்டதாகச் சொன்னேன், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அடுத்த வகுப்பில்தான் குட்டு உடைந்தது. அங்கே பாடம் எடுக்கிற நர்ஸ் உன் வயதுப் பெண், யாரையும் திட்டமாட்டாள், அவரவர் சர்க்கரை ஏறி இறங்கிய கோட்டைச் சுவரில் காட்டி, அன்னைக்கு என்ன நடந்துச்சு என்று மட்டும் கேட்பாள். அப்பாவின் கோடு வாரம் முழுக்க நல்ல பிள்ளையாகப் போகிறது, ஞாயிறு காலையில் மட்டும் ஜிவ்வென்று ஏறுகிறது, கடைசி ஞாயிறு பாதாளத்துக்கு இறங்குகிறது. என்ன நடந்துச்சு என்று கேட்டாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், கடைசியில் ஞாயித்துக்கிழமைதான் எம் பொண்ணுக்கு லீவு என்றார். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார், நான் காய் வாங்கப் போகிற நேரத்தில் பழைய டூல்ஸ் பையில் ஒளித்துவைத்த ஜாமை ஸ்பூன் ஸ்பூனாகத் தின்றிருக்கிறார். அதற்கு நீ கூப்பிடுவது நின்றதும், இறங்கினால்தான் ஆபத்து என்று வகுப்பில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். பாடத்தை நன்றாகத்தான் கவனித்திருக்கிறார் மனுஷன். பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு கண்டக்டர், எம் பையனுக்குக் காட்ட எனக்கும் இந்த வில்லை ஒண்ணு வாங்கணும் என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பிடிபிடியென்று பிடித்தேன், உயிரோடவா விளையாடுவீங்க என்று. அவர் அமைதியாக, இத்தனை வருஷம் எவனோ லிஃப்டுல மாட்டிக்கிட்டு மணி அடிச்சா நான் சோத்துல கை வெச்சிருந்தாலும் எழுந்து ஓடினேன், நான் அடிச்சா ஒருத்தி வரமாட்டாளான்னு பார்த்தேன் என்றார். நான் ரசம் வைக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அந்த நர்ஸ் அவரிடம், உங்களால முடிஞ்ச ஒண்ணை நீங்களே சொல்லுங்க என்று கேட்டதற்கு, ஊசி போட்ட கையோடு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காருவேன் என்று ஒப்புக்கொண்டார், இன்றுவரை தவறவில்லை. ஜாம் பாட்டிலை அவரே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டார். மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி அந்த மணியை என் போனிலும் வைத்துக்கொண்டேன், அதனால் உன் போனில் நீ அதை நிறுத்திவிடு, இனிமேல் அது உன்னை ஆபீஸில் தூக்கிவாரிப் போட வேண்டாம். அன்று சர்க்கரை இறங்கிய செய்தியைக் கேட்டு வேலையை விட்டுவிட்டு வந்துடட்டுமா என்று கேட்டாயே, அவசரப்படாதே. சர்க்கரை ஏறினால் என்ன செய்வது, இறங்கினால் என்ன செய்வது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று எங்களுக்கு இப்போது நிஜமாகவே தெரியும். அவருக்கு ஊசி போட நீ வர வேண்டாம், லீவு கிடைக்கும்போது அவரோடு சண்டை போட வா.

ஆனால் மணியை மாற்றுகிறோம் என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. அதுவும் இல்லேன்னா அவ எதுக்குக் கூப்பிடுவா என்று கேட்டார். இதற்குப் பதில் என்னிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. அவர் சர்க்கரை ஒழுங்காக இருக்கிற ஒரு நாளில் கூப்பிடு. எண்ணைக் கேட்காதே, மாத்திரையைக் கேட்காதே. உன் வீட்டு ஜன்னலில் என்ன தெரிகிறது என்று சொல், குழாய் ஒழுகினால் என்ன செய்வது என்று கேள், தெரியாவிட்டாலும் ஒரு மணி நேரம் சொல்லுவார்.

வெளியே போகும்போது தலைக்கு ஏதாவது போட்டுக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ நன்றாக இரு, எடுத்த காரியமெல்லாம் கூடிவரட்டும், உன் தூக்கம் கெடாமல் இருக்கட்டும். படிகளில் செருப்புச் சத்தம் கேட்கிறது, மடித்து வைக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பாவோடு பேசி முடித்ததும் போனை வைத்துவிடாமல், அம்மாகிட்ட குடுங்க என்று சொல். எனக்குச் சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, கையில் ஒட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லை, எனக்கு என்ன ஆனாலும் அங்கே மணி அடிக்காதடி.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா