நிறுத்தத் தேவையில்லாத ஒரு மணி நேரம்

மாதக் கடைசி, வியாழன்.

இன்று ஒரு அசட்டுத்தனம் செய்துவிட்டேன். மதியம் சர்வர் அறையிலிருந்து இறங்கி சரக்கு லாரி ஏறும் டெஸ்பாட்ச் ஷெட்டுக்குப் போய், "பாய், ஒரு மணி நேரம் என்ட்ரியை நிறுத்துங்க, அடுத்த மாச உற்பத்தி பிளான் சர்வர்ல ஓடணும்" என்றேன். பத்து வருடப் பழக்கம். லாரிகளுக்கு என்ட்ரி போடும் பாஷா பாய் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். வழக்கம்போல இஞ்சி டீ வந்தது. கரையான்சாவடியில் மகள் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பாதி டீயில்தான் உறைத்தது. முன்பு என்ட்ரி, பிளான் இரண்டு வேலைக்கும் ஒரே சர்வர். ஒன்று ஓட மற்றது நிற்க வேண்டும். போன மாதம், பல சர்வர்களை ஒன்றாகக் கோத்த கிரிட்டுக்கு மாறிவிட்டோம். சர்வர், டேட்டாபேஸ், ஸ்டோரேஜ் எல்லாமே இப்போது பொது. எந்த வேலை கனக்கிறதோ அதற்குத் தானாகவே கூடுதல் சர்வர்கள் போய்ச் சேரும். அதை அமைத்ததே நான்தான்.

என்ட்ரி இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாமல் இரண்டு லாரிகள் நின்றுகொண்டிருந்தன.

"ஐயோ பாய், நிறுத்தவே வேணாம். மறந்தே போயிட்டேன்."

"தெரியும் மேடம். போன மாசமே நிறுத்தலியே."

"அப்புறம் ஏன் இன்னிக்கு நிறுத்தினீங்க?"

"போன மாசம் நீங்க வர்லியே மேடம். லாரி நிக்கட்டும். டீ ஆறிக்கினு கீது, குடிங்க."