கரையிலிருந்து பார்த்தால்

இன்று காலை அடுத்த வீட்டில் கருவாடு சுட்டார்கள். சன்னலைச் சாத்தப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். திருத்தங்கலுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து இந்த ஊரின் கந்தக நெடியைக் குறை சொன்னவள் நீ. கருவாட்டு வாடைக்கு மட்டும் எல்லாச் சன்னலையும் திறந்து வைப்பாய். நீ இல்லாமல் வருகிற முதல் மழைக்காலம் இது.

நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் உன் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனார், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஊரே மெழுகுவர்த்தி ஏற்றும் நாளில், உன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நிற்பாராம். கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துத்தான் இதைச் சொன்னாய். அதையும் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாய்.

ஒரு சனிக்கிழமை, மறுநாள் பிரசங்கத்துக்காக வேதாகமத்தில் பவுலின் கப்பல் பயணத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு வேலை முடிந்து வந்து, தலையைத் துவட்டியபடி என்ன படிக்கிறேன் என்று கேட்டாய். கப்பல் கரையை விட்டுக் கிளம்புவதற்குக் கிரேக்க மூலத்தில் 'அனாகோ' என்ற சொல் வருகிறது, அதன் நேர்ப்பொருள் மேலே கொண்டுபோவது என்றேன். ஆராதனை முடிவில் நான் சொல்லும் ஆசீர்வாதத்தில், இயேசுவை மரித்தோரிலிருந்து 'ஏறிவரப்பண்ணின' தேவன் என்று வருகிறதே, அங்கேயும் இதே சொல்தான் என்றேன்.

துவட்டுவதை நிறுத்திவிட்டாய்.

"கரையில நின்னு பாத்திருக்கீங்களா? வள்ளம் போகப் போக மேல ஏறிக்கிட்டே போற மாதிரிதான் தெரியும்" என்றாய். பிறகு, "அப்ப எங்கப்பாவ..." என்று தொடங்கி நிறுத்தினாய்.

ஒரு சொல் இரண்டு இடத்தில் வருவதாலேயே ஒன்று மற்றதன் பொருளாகிவிடாது, இது மாலுமிகளின் பேச்சுவழக்கு என்று விளக்கினேன். இல்லாததைச் சொல்லி உனக்கு ஆறுதல் தர எனக்கு மனம் வரவில்லை.

"தெரியுங்க. நான் அகராதியக் கேக்கல" என்று அடுப்படிக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்தத் தீபாவளி சீசனில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து வெடித்தது. அங்கே வேலை பார்த்த, மாரியம்மாள் என்பவரின் மகளை உன் வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். சின்னப் பெண், கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். அவள் பிழைக்கவில்லை. நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். நானும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு உனக்கே நோய் வந்தது. வயிற்றில் கட்டி என்றார்கள். எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட உன் கையில் நரம்பு கிடைக்காமல் நர்சுகள் தவித்தார்கள். அவர்களை நீதான் தேற்றினாய்.

உன் அடக்கத்தை வேறொரு போதகர் நடத்தினார். எல்லாரும் கலைந்த பிறகு, புது மண்ணுக்கு அருகில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். முதலில் யாரென்று தெரியவில்லை. தன் மகள் பெயரைச் சொன்ன பிறகுதான் மாரியம்மாள் என்று புரிந்தது.

"எம்மக போன அன்னைக்கு சிஸ்டர் எங்கூடத் தரையில உக்காந்துட்டாக, ஐயா. எம்மக எங்கன போயிட்டாம்மான்னு அழுதேன். சாமி பேரு ஒண்ணும் சொல்லல. 'எங்கப்பா வள்ளம் மேல ஏறிப் போறதப் பாத்தேங்கா. மறஞ்சதுக்கப்புறம் எனக்குத் தெரியாது. ஆனா கீழ போனத நான் பாக்கல'ன்னு சொன்னாக. அம்புட்டுதான். அதப் பிடிச்சுக்கிட்டுதான் இன்னைக்கு வரைக்கும் இருக்கேன்."

என்னிடம் பாதியில் நிறுத்திய பேச்சை நீ முடித்த இடம் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. இருவரும் வெயிலில் நின்றோம்.

மறு ஞாயிறே ஆலயத்துக்குப் போனேன். கடைசியில் கைகளை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லத் தொடங்கி, 'மரித்தோரிலிருந்து' என்றவுடன் குரல் நின்றுவிட்டது. இன்றும் அந்த இடத்தில் நிற்கிறது. அகராதியில் உள்ளது எனக்குத் தெரியும், அது மாறவில்லை. ஆனாலும் அடுத்த சொல்லுக்கு முன்னால், வள்ளம் கண்ணுக்கு மறையும் தூரம் வரை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். சபைக்கும் பழகிவிட்டது. தலை குனிந்தபடியே எனக்காகக் காத்திருக்கிறார்கள்.