பக்கம் மாறிய கலியாணச் சட்டை

கோட்-டே-நேஜ், மொன்றியல்
12.10.2005

ஏழுலகும் புகழும் லொறிவேந்தர், பியர்பொன்ட்ஸ் பெருநிலக்கிழார், என் மாட்சிமை தங்கிய அண்ணை அருமைநாதன் அவர்களுக்கு,

தங்கள் ஒரே தம்பியும் இஸ்திரிப்பெட்டி பிடித்த இம்மாநகரத்தின் மினுக்குச் சக்கரவர்த்தியுமான வலன்ரைன் பணிந்து எழுதிக்கொள்வது. நான் நலம். குருநகரில் நீங்களும், திருத்திய வீட்டுக் கூரையும், உங்கள் கோபமும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

அண்ணை, இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன். வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்து உறுதி தருகிறேன், இதைப் பூமியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீங்களும் நம்பவேண்டாம். ஆனால் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கோ. பாதியில் எழும்பிப் போகிற உங்கள் பழக்கத்தை இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் தள்ளி வையுங்கோ.

போன சனிக்கிழமை இமெல்டாவுக்குக் கலியாணம் முடிந்தது. இமெல்டா யார் என்று யோசிப்பீர்கள். ஆவணி மாதம் பியர்பொன்ட்ஸ் வீட்டுக் குசினியில் அடுப்படியோடு நின்று, "எனக்கு ஒரு பிள்ளை இருந்தது, அது செத்துப்போச்சு" என்று சொன்னீர்களே, அந்தப் பிள்ளைதான். சொன்ன அடுத்த கிழமையே, காணி பார்க்கவேணும் என்று விமானம் ஏறிவிட்டீர்கள். பதினேழு வருடமாகத் தன்பாட்டில் கிடந்த காணிக்கு, மகளின் கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அப்படி என்ன அவசரம் வந்ததோ தெரியாது.

கலியாணத்துக்கு எண்ணூறு பேர் வந்தார்கள். நகரபிதா குதிரையில் வந்தார். மெற்றோவை அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். மாப்பிள்ளை பற்றிக் லியூ ஏழடி உயரம், சீனத்து இராசவம்சம். அவருடைய தாயார், அதாவது சேட்டுத் தைக்கிற பக்ரறியில் என் பக்கத்து மேசை லியூ அம்மா, கலியாணச் சட்டையைத் தன் கையாலேயே தைத்தார். அதன் கை எவ்வளவு நீளம் என்றால், ஒரு நுனி சபனெல் வீதியில் எங்கள் பக்ரறி வாசலில் கிடக்க, மறு நுனி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஆற்றுக்குள் நனைந்துகொண்டிருந்தது. நடுவில் ரயில் வந்தால் தூக்கிப் பிடிக்க இருபது பேர் நின்றோம்.

என்ன சட்டை என்று கேட்கமாட்டீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அந்தச் சட்டை வருவதற்குள் தாய்க்கும் மகனுக்கும் நடந்தது சாதாரணச் சண்டை இல்லை, அது சீன உள்நாட்டுப் போர். லியூ அம்மாவுக்குச் சிபாவ்தான் வேணும். உடம்போடு ஒட்டி, கழுத்து உயர்ந்து, பக்கத்தில் வெட்டு வைத்து வருமே, சீனக் கடைக் கலண்டரில் நீங்கள் பார்த்ததுதான். ஷங்காயில் தன் தாய் அதைத்தான் உடுத்தவர் என்றார். பற்றிக் விடவில்லை. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்த பெடியன். சிபாவ் எங்களுடையது இல்லை அம்மா, குதிரையில் வந்து நாட்டைப் பிடித்த மஞ்சூக்காரர் போட்ட நீள அங்கியிலிருந்து வந்தது என்றான். அதற்கு முன்னம் மூவாயிரம் வருடமாகச் சீனத்தில் ஆணும் பெண்ணும் உடுத்தது வேறு, அதற்குத் தெறி, பொத்தான் ஒன்றுமே இல்லை, முன்பக்கம் இரண்டையும் மார்பில் குறுக்கே மடித்து நாடாவால் கட்டுவது, கை அகலமாகத் தொங்கும் என்றான். கல்லறைகளைத் தோண்டி எடுத்த உடுப்புகளின் படங்களை அச்சடித்துக் கொண்டுவந்து தாயின் தையல் மெசினுக்கு மேலேயே ஒட்டினான்.

அவன் சொன்ன ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது, அண்ணை. முந்நூற்றறுபது வருடத்துக்கு முன்னம் மஞ்சூக்காரர் வந்து, ஆண்கள் முன்தலையை வழித்துப் பின்னல் விடவேணும், எங்களைப்போல உடுக்கவேணும், மாட்டேன் என்றால் தலை போகும் என்று சட்டம் போட்டார்களாம். உயிரோடு இருந்தவர்கள் பணிந்தார்கள். ஆனால் செத்தவனை யாரும் வெருட்ட முடியாது பாருங்கோ. ஆகவே சீனர் தங்கள் தகப்பன்மாரைப் பழைய சட்டையைப் போட்டுத்தான் புதைத்தார்களாம்.

லியூ அம்மா கடைசியில் சம்மதித்ததற்குக் காரணம் சரித்திரம் இல்லை. ஒரு மத்தியானம் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு எனக்குச் சொன்னார். எங்கள் இரண்டு பேருடைய பிரெஞ்சையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு முழு மனிசனின் பிரெஞ்சு வராது, ஆனாலும் பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் விளங்கும். அவர் கலியாணம் முடித்த காலத்தில் சீனம் முழுக்க எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டைதானாம். மாப்பிள்ளைக்கும் அது, பெண்ணுக்கும் அது, படம் பிடித்தவனுக்கும் அது. கலியாணப் படத்தில் தான் எங்கே நிற்கிறார் என்று தேடிப் பார்க்கவேணும் என்று சிரித்தார். "வாற பிள்ளைக்கு எந்தக் காலத்துச் சட்டை எண்டாலும் பரவாயில்லை, வலன்ரைன். சிவப்பா இருந்தால் காணும்" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தச் சட்டைதான். சிவப்புப் பட்டு, கழுத்துப் பட்டியில் இரண்டு சிறிய பறவைகள். ஐந்து நகம் உள்ள நாகத்தைச் சக்கரவர்த்தி மட்டும்தான் போடலாமாம். எங்கள் பிள்ளைக்கு ஆறு நகம் வைத்துத் தையுங்கோ என்று விண்ணப்பித்தேன், நிராகரிக்கப்பட்டது. பக்ரறிக்கும் வருகிற மார்கழியோடு பூட்டு. சீனத்திலிருந்து கப்பலில் வருகிற சேட்டோடு எங்களால் போட்டி போட முடியாதாம். அந்தப் பெட்டிகளைத் துறைமுகத்திலிருந்து ஏற்றி இறக்கித்தானே அண்ணை நீங்கள் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கினீர்கள். சீனத்துச் சேட்டு ஆகும். சீனத்துப் பெடியன்தான் ஆகாது.

நான்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றீர்கள். ஓம். நாலு வருடத்துக்கு முன்னம் பாலன் பிறப்புக்குப் பக்ரறியில் வைத்த நத்தார் விருந்துக்கு அவளைக் கூட்டிப்போனது நான்தான். தாயில்லாப் பிள்ளை, நீங்களும் லொறியில் ரொறன்ரோ போய்விட்டீர்கள், வீட்டில் தனியே இருப்பாளே என்று கூட்டிப்போனேன். அங்கேதான் பற்றிக்கைக் கண்டாள், அந்தக் குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இப்போதுதான் வருகிறது.

கலியாணத்தை மாதா கோயிலில் வைக்கச் சுவாமியார் சம்மதித்தவர். இமெல்டாதான் மாட்டேன் என்றாள். பீடம் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் கோயிலுக்குள் நடக்கமாட்டாளாம். நான் இருக்கிறேனே என்றேன். "நீங்கள் சித்தப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆகவே நீதிமன்றத்தில் பதிவு, பிறகு சீனத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் தேநீர்ச் சடங்கு. மணமக்கள் முழங்காலில் இருந்து பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்து ஆசி வாங்குவது அவர்கள் வழக்கம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லியூ அம்மா சட்டையை என்னிடம் தந்து, மினுக்கிக்கொண்டு வா என்றார். மொன்றியலில் அந்தப் பட்டைத் தொட வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது? வீட்டில் மேசைமேல் விரித்தேன். விரித்த கையோடு திடுக்கிட்டுப் போனேன். முன்பக்கம் இரண்டில் இடப்பக்கம் மேலே வருகிற மாதிரி நாடா தைத்திருந்தது.

உங்களுக்கு லொறிதான் தெரியும், சட்டை தெரியாது. ஆண்பிள்ளை சேட்டில் இடப்பக்கம் மேலே வரும், பெண்பிள்ளை பிளவுசில் வலப்பக்கம் மேலே வரும். பதினாறு வருடமாக ஒரு நாளைக்கு நானூறு உருப்படி மினுக்குகிறவன் நான், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்வேன். லியூ அம்மா பன்னிரண்டு வருடமாக ஆண்கள் சேட்டு வரிசையில் தைக்கிறவர். கை பழக்கத்தில் ஓடி, கலியாணப் பெண்ணின் சட்டைக்கு ஆம்பிளைப் பக்கம் வைத்துவிட்டது என்று நினைத்தேன். பாவம், ஐந்து மாத வேலை, சபையில் யாரும் கண்டு சிரித்தால் அந்த மனிசி உடைந்துபோகும். கேட்டால் வெட்கப்படுவார் என்று கேட்கவும் இல்லை. நாலு நாடாவையும் பிரித்து, பக்கம் மாற்றித் தைத்து, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல மடிப்பு விழ மினுக்கினேன். என் வாழ்நாளில் அதைப்போல ஒரு மினுக்கு மினுக்கியதில்லை.

சனிக்கிழமை பிள்ளை அதை உடுத்திக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். அவளுடைய தாய்தான் ஏறி வருகிறா என்று ஒரு கணம் நினைத்தேன்.

சபையில் கதைபேச்சு நின்றது. நான் பெருமைப்பட்டேன், அழகைக் கண்டு வாயடைத்துப் போனார்கள் என்று. பிறகுதான் பார்த்தேன், ஒரு கிழவர் பேரப்பிள்ளையின் கண்ணைப் பொத்துகிறார். பற்றிக்கின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. லியூ அம்மா மட்டும் எழும்பி வந்து, ஒரு சத்தமும் போடாமல், பிள்ளையின் தோளை அணைத்துப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். நானும் ஓடினேன். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"வலன்ரைன், இடப்பக்கம் மேலே வந்தால் உயிரோட இருக்கிற ஆள். ஆணெண்டாலும் பெண்ணெண்டாலும் அப்படித்தான். வலப்பக்கம் மேலே கட்டிறது பிரேதத்துக்கு."

அண்ணை, நான் ஆம்பிளைப் பக்கம், பொம்பிளைப் பக்கம் என்று என்னுடைய பக்ரறிச் சட்டத்தை விளங்கப்படுத்தினேன். அவர் ஒரு கதிரையில் இருந்துகொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "பன்னிரண்டு வருசம் பக்கத்து மேசை. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, பிள்ளை உடுத்தியபடியே நிற்க, என் தையலை வெட்டினார். அறைக்கு வெளியே முப்பது சனம் காத்து நின்றது. இருபது நிமிடத்தில் மகள் உயிரோடு வெளியே வந்தாள்.

தேநீரை நான்தான் வாங்கிக் குடித்தேன். முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் நீட்டினாள். எனக்குப் பழக்கமில்லை, அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். ஆசி சொல்லும்படி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் வாய் நீளுகிற நான், பிள்ளையின் நெற்றியில் சிலுவை மட்டும் போட்டேன்.

சரி, கதை முடிந்தது. இனி நீங்கள் கேட்கிறதற்கு முன்னம் நானே சொல்லிவிடுகிறேன். எண்ணூறு பேர் வரவில்லை, நகரபிதாவும் இல்லை, குதிரையும் இல்லை. பற்றிக் என் காதுவரைதான் வருவான். அவனுடைய இராசவம்சம் தையல் மெசின் வம்சம். சட்டைக் கை முழங்காலைத் தாண்டாது. நாடாவில் நான் செய்ததைக்கூடப் பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கோ, எனக்கு மரியாதையாக இருக்கும்.

ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. அதை மேலே எழுதக் கை வரவில்லை.

நாடாவை வெட்டும்போது லியூ அம்மா கத்தரிக்கோலை நிறுத்தி, "அப்பாவுக்குத் துக்கம் காக்கிறியோ பிள்ளை? அதுதான் இப்பிடிக் கட்ட விட்டனியோ?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இமெல்டா குனிந்து நின்றாள். லியூ குடும்பத்திடம் அவள், நீங்கள் ஆவணியில் ஊரில் காலமாகிவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். "உங்கள் மகன் சீனன் என்பதால் என் அப்பா வரமாட்டார்" என்று அந்த மனிசியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லையாம். நீங்கள் அவளைக் கோபத்தில் சாகடித்தீர்கள். அவள் உங்கள் மானத்தைக் காப்பாற்ற உங்களைச் சாகடித்திருக்கிறாள்.

அறையால் வெளியே வந்தபோதுதான் கண்டேன், மண்டபத்து மூலையில் ஒரு சின்ன மேசை. அதில் உங்கள் படம், துறைமுகத்தில் லொறிக்கு முன்னால் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம். முன்னால் மூன்று தோடம்பழம், ஒரு கிண்ணம் தேநீர், ஊதுபத்தி. பற்றிக் உங்களுக்கு மூன்று தரம் தலை வணங்கினான். லியூ அம்மா வணங்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் வணங்கினேன், அண்ணை. பிள்ளையைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

என் வாழ்நாளில் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றையும் யாரும் நம்பியதில்லை. அவள் சொன்ன ஒரே ஒரு பொய்யைச் சபை முழுக்க நம்பிவிட்டது. அதைப் பொய் என்று காட்ட உங்களைத் தவிர வேறு ஆளில்லை. அவள் தொலைபேசி இலக்கத்தை இன்னும் மாற்றவில்லை. ஒருக்கா எடுங்கோ, ஒன்றும் கதைக்கவேண்டாம், இருமினாலே போதும், உங்கள் இருமல் அவளுக்குத் தெரியும்.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரவேண்டும். இதை மட்டும் பகிடியாக எழுதவில்லை.

உங்கள் தம்பி,
வலன்ரைன்