வாத்தியாரே என்று நீ கூப்பிட்ட ஊர்

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு ஷவர்மா கடை வந்திருக்கிறது. நேற்று மருந்து வாங்கப் போனபோது, அடுப்பிலிருந்து எடுத்த குபூஸ் ரொட்டியின் வாசனை முகத்தில் மோதியது. மருந்துச் சீட்டும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டேன். உன் ஏச்சுதான் முதலில் காதில் விழுந்தது: “இன்னாங்க இது, ரொட்டியா ரப்பரா? இயுத்தா கூடவே வருது!”

எழுபதுகளின் நடுவில் ஜித்தாவில் ஒரு பள்ளியில் எனக்கு இரண்டு வருட வேலை கிடைத்தது. நீ, நான், மூன்று வயது மகள் என்று கிளம்பினோம். கோவளத்துக் கடற்கரையில் வளர்ந்த உனக்குச் செங்கல்பட்டே வெளியூர்தான். ஜித்தாவைப் பற்றி நீ கேட்ட ஒரே கேள்வி, “அங்க கடல் கீதா?”

வகுப்பில் திசையைச் சொல்லித்தர நான் வைத்திருந்த எடுத்துக்காட்டு உனக்குத் தெரியும்: மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்து நின்றால் அது கிழக்கு. ஜித்தாவில் முதல் நாள், உச்சி வெயிலில், மாடியிலிருந்து தூரத்துக் கடல் தெரிந்தது. ஊரில் மேற்கு நோக்கித்தானே தொழுவோம்? கடலுக்கு முதுகு காட்டித் தொழுகைப் பாயை விரித்தேன். நீயும் பின்னால் நின்றாய். சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனவள் மூச்சிரைக்க ஓடி வந்தாய்.

“சூரியன் கடல்ல முழுவுதுங்க!”

அப்போதுதான் உறைத்தது. அங்கே கடல் இருப்பது மேற்கில். நாம் தொழுதது கிழக்கைப் பார்த்து! நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய். நான் எதிர்வீட்டு எகிப்துக்காரரிடம் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே கிழக்கே கைகாட்டினார். மக்கா ஜித்தாவுக்குக் கிழக்கில் அல்லவா இருக்கிறது? மேற்கு என்றே பழகிப்போன நமக்கு அது தோன்றவேயில்லை.

நான் வந்து சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் மகள் தூக்கம் கலைந்து எழுந்தாள். “கணக்கத் தப்பாப் போட்டுட்டு விடைய மட்டும் சரியா எய்திகினியே வாத்தியாரே!”

நீ என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. செங்கல்பட்டு வீட்டில் அம்மா, அண்ணன்மார், அண்ணிமார் நடுவில் ‘இந்தாங்க’ என்பதற்குமேல் உன் வாயில் வராது. ஜித்தாவில் ‘நீங்க’ மெல்ல ‘நீ’ ஆயிற்று. தண்ணீர் லாரி வந்தால் இருவரும் பானை தூக்கினோம். நீ மீன் கழுவ, நான் வெங்காயம் அரிந்தேன். “உங்கம்மா பாத்தா என்ன வூட்ட வுட்டே தொரத்திடும்” என்பாய். மகள் தெருவிலிருந்து அரபுச் சொல் ஒன்றைக் கொண்டுவருவாள். அதற்கு நீயாக ஒரு பொருள் சொல்வாய். நான் திருத்த, நீ ஒத்துக்கொள்ளாமல், சோறு ஆறும்வரை பேசுவோம்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் கடற்கரைக்குப் போவோம். சூரியன் இறங்கும்போது மட்டும் நீ பேச மாட்டாய். “நம்ம கடல்லேர்ந்து சூரியன் எய்ந்து வரும். இங்க உள்ள பூந்துக்குது. பாத்தா பேஜாரா கீது” என்றாய் ஒருநாள். அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. பள்ளியில், இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டபோது, உன்னைக் கேட்காமலே முடியாது என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பரிசு கொண்டுவருகிறவனைப் போல வீட்டுக்கு வந்தேன். நீ “அப்டியா” என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, பெட்டியை இறக்கித் தரச் சொன்னாய்.

ஊருக்குத் திரும்பினோம். வீடு நிறைய ஆட்கள். எனக்குப் பள்ளி, டியூஷன், உனக்குச் சமையற்கட்டு. ‘இந்தாங்க’ திரும்பி வந்தது. கோவளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்த நாளிலும் உன் முகம் தெளியவில்லை. காரணம் எனக்குப் புரியவில்லை.

மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, பஸ் படாளத்தில் பழுதாகி நின்றது. மகளை வீட்டில் விட்டிருந்தோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நம்மைத் தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. நீ சுற்றிலும் ஒருமுறை பார்த்தாய்.

“இன்னா வாத்தியாரே, டீ சொல்ல மாட்டியா?”

எத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரல்! டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: “ஜித்தாவுல உன்னாண்ட பேசிகினே இருந்தேன். இங்க உன்னப் பாக்கவே க்யூல நிக்கணும் போல கீது.”

“அப்போ நாம திரும்பி வந்திருக்கவே வேணாமா?”

“நம்ம கடலும் வேணும், நீயும் வேணும். ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்கல, அவ்ளோதான். அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?”

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது, ஏதோ வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, இருவரும் படாளத்துக்கு பஸ் ஏறினோம். டீ, பெஞ்ச், பேச்சு. அம்மா காலமாகி, அண்ணன்மார் தனித்தனியாகப் பிரிந்து, மகளும் கல்யாணமாகிப் போய், வீட்டில் நாம் இருவர் மட்டும் மிஞ்சிய பிறகும் அந்தப் பயணத்தை நிறுத்த நீ சம்மதிக்கவில்லை. “வூட்ல உக்காந்தா மருந்து, கரண்ட் பில்லு, இதான் பேசுவே” என்றாய். உண்மைதான். படாளத்தில் என் வாயில் வேறு பேச்சு வந்தது.

நீ போன பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. நேற்று மோதிய அந்த வாசனை மனசை விட்டுப் போகாததால் இன்று காலை படாளத்துக்கு பஸ் ஏறினேன். கடை கைமாறியிருக்கிறது. பெஞ்சுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓரமாக ஒன்றில் உட்கார்ந்து, இவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மனசுக்குள் உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். உதடும் அசைந்திருக்கும் போலிருக்கிறது. கடைக்காரர் டீயை நீட்டியபடி என்னை உற்றுப் பார்த்தார்.

“பெரியவரே, ஊருக்குப் புச்சா?”

“ஆமாப்பா,” என்றேன். “நாங்க வெளியூரு.”