நான்கு பாடல்களும் ஓர் ஒட்டுக் காகிதமும்

வேங்கிக்கால்,
19.11.1984

பெருமதிப்பிற்குரிய கணவர் திரு. தேவகுமார் அவர்களுக்கு, சுனந்தா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தங்கள் குரல் பதிந்த கேசட் மஸ்கட்டிலிருந்து வந்து மூன்று வாரங்களாகியும் பதில் எழுதாமைக்குப் பொறுத்தருள வேண்டும். இங்கு அத்தையும் நானும் நலம். மழையால் அத்தைக்கு முழங்கால் வலி சற்று அதிகம்.

அந்தக் கேசட்டைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது.

விடுமுறையில் தாங்கள் கொண்டுவந்த இரண்டு டேப் ரிக்கார்டர்களையும் நான் எவ்வாறு பயன்படுத்தினேன் என்று தாங்கள் கேட்டதில்லை. ஆங்கிலக் கையேட்டை அகராதியின் துணையுடன் படித்தேன். மைக்கைக் குடைக் காம்பில் கட்டினேன். எதிரொலி அடங்கச் சுவர்களில் மெத்தைகளையும் கம்பளிகளையும் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு ராணியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, செவுத்துக்குக் குளிர் ஜொரமா, போத்தி வுட்டிருக்க?" என்றார். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் நம் சமண வழக்கத்தால் மாலை நேரம் எனக்கு மிச்சமாயிற்று. எவரிடமும் பயிலாமல் நானே கற்ற கிதாரை முதலில் ஒரு கருவியில் பதிந்து, அதை ஓடவிட்டு, உடன் பாடி மற்றதில் பதிந்தேன். நானே இயற்றிய நான்கு பாடல்கள்; நான்கு மாத உழைப்பு.

சென்னையில் ஒரு கேசட் கம்பெனியார் டிசம்பர் பத்துக்குள் மாதிரி கேட்டிருந்தனர். இங்கே பிரதி எடுத்தால் இரைச்சல் கூடுமென்று, அங்குள்ள நல்ல கருவியில் எடுத்தனுப்புமாறு வேண்டி, இருந்த ஒரே மூலத்தைத் தங்களுக்கு அனுப்பினேன். எவரும் தவறி அழித்துவிடாதிருக்க, கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்தே அனுப்பினேன்; அந்தப் பள்ளங்களை மூடினாலன்றி அதில் மறுபடி பதிய முடியாது.

திரும்பி வந்தபோது அந்த இரண்டு பள்ளங்களின் மேலும் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே தங்கள் பேச்சு: "வேற கேசட் கெடைக்கல சுனந்தா, இதுலயே பேசிட்டேன். பாட்டுதானே, மறுபடியும் பாடிக்க." கைதவறி நேர்ந்ததாயின் மன்னித்திருப்பேன். காகிதம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

உறவினர் பன்னிரண்டு பேர் கூடியமர்ந்து கேட்டனர். தங்கள் பேச்சு முடிந்த இடத்தில், என் கடைசிப் பாடலின் இரண்டு அடிகள் அழியாமல் ஒலித்தன. அத்தை, "அதான் அவன் பேசி முடிச்சிட்டானே, நிறுத்துடி" என்றார்கள். நிறுத்தினேன்.

மெத்தைகளை மீண்டும் மாட்டியிருக்கிறேன். இம்முறை பிரதியை நானே எடுத்து நானே தபாலில் சேர்ப்பேன். இரைச்சல் இருந்தால் இருக்கட்டும்.

ஜினேந்திரர் அருளால் தாங்கள் நலமுடன் இருக்க வேண்டுகிறேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். அழிப்பதற்கு முன், அந்தப் பாடல்களை ஒருமுறையாவது கேட்டீர்களா?

உடனே பதில் எழுதவும்.

இங்ஙனம்,
சுனந்தா